ஆதாம் முடிக்காத வேலை



பொதுக்காலத்தின் 27ஆம் ஞாயிறு குருக்களாகிய எங்களுக்குக் கொஞ்சம் வசதியான ஞாயிறு. முதல் வாசகத்தில் விலா எலும்பு வருகிறது. நற்செய்தியில் மணமுறிவு பற்றிய கேள்வி வருகிறது. குடும்பம், பொறுமை, விட்டுக்கொடுத்தல் என்று பத்து நிமிடம் பேசிவிட்டு இறங்கிவிடலாம். நானும் போன இடமெல்லாம் அப்படித்தான் பேசி வந்திருக்கிறேன். இந்த முறை விலா எலும்புவரை என்னால் போக முடியவில்லை. அதற்கு இரண்டு வசனம் முன்னாலேயே நின்றுவிட்டேன். நிறுத்தியது ஒரு பாம்பு.

வியாழக்கிழமை சாயங்காலம் நம் பிள்ளைகள் மூன்று பேர் அரிசிச் சாக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தார்கள். பேர் சொல்ல மாட்டேன். இப்போது அந்தத் தூணுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். முந்திரித் தோப்பில் சருகு கூட்டும்போது கிடைத்ததாம். சாக்கை உதறியதும் திண்ணையில் செங்கல் நிறத்தில் ஒரு பாம்பு விழுந்தது. ஒரு முழத்துக்கு மேல் இருக்கும். கழுத்தும் இல்லை, இடுப்பும் இல்லை, இரண்டு பக்கமும் மொண்ணை. கூட்டத்தைப் பார்த்ததும் உடம்பைச் சுருட்டித் தலையை அடியில் ஒளித்துக்கொண்டு வாலைத் தூக்கிக் காட்டியது. அடிக்கிறவன் வாலில் அடிக்கட்டும், தலை பிழைக்கட்டும் என்ற ஏற்பாடு.

"இருதலைப் பாம்பு ஃபாதர். ஆறு மாசம் இந்தத் தலை, ஆறு மாசம் அந்தத் தலை. வெயிட் ஏறினா கோடிக்கணக்குல குடுக்குறாங்களாம்."

"யார் குடுத்தாங்க? நீ பாத்தியா?"

"ஒரு புரோக்கர் சொன்னாரு ஃபாதர்."

கோபுரக் கலசத்தில் இரிடியம் இருக்கிறது என்று சொல்லி ஊரை ஏமாற்றுகிற அதே கூட்டத்தின் கடை இது. அந்தப் பாம்புக்குத் தலை ஒன்றுதான். பெயர் மண்ணுளிப்பாம்பு. விஷம் கிடையாது. செம்மண்ணையும் மணலையும் துளைத்துக்கொண்டு கிடக்கும், எலியைப் பிடித்துத் தின்னும், முட்டையிடாமல் குட்டி போடும். பிடித்து விற்றால் ஜெயில். வனத்துறைக்குப் போன் செய்தோம். ஆள் வருகிறவரை ஒரு மணி நேரம் அது என் திண்ணையிலேயே கிடந்தது. குனிந்து பார்த்தேன். எண்ணெய் தடவித் துடைத்ததுபோல வழவழப்பான சிறு செதில்கள். கடுகளவு கண். கண்ணில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு. இந்தச் செம்மண் காட்டில் இத்தனை காலம் இதன் தலைமேல் நடந்திருக்கிறேன், முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இரவு ஞாயிறு வாசகத்தை எடுத்தேன். கடவுள் விலங்குகளையும் பறவைகளையும் மண்ணால் செய்கிறார். செய்த கையோடு மனிதனிடம் கொண்டுவருகிறார். எதற்கு? இவன் என்ன பெயர் வைக்கப்போகிறான் என்று பார்ப்பதற்கு. சர்வத்தையும் அறிந்தவர், ஒரு தகப்பன் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல நிற்கிறார். உண்டாக்கியவருக்குப் பெயர் வைக்கத் தெரியாதா? அந்த ஒன்றை மட்டும் நமக்கென்று விட்டுவைத்தார். பத்துக் கட்டளைக்கு முன்னால், பலிபீடத்துக்கு முன்னால், ஏன், திருமணத்துக்கும் முன்னால் மனிதனுக்குக் கிடைத்த வேலை அது.

பெயர் வைப்பது என்றால் அடக்கி ஆள்வது என்று குருமடத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மாட்டுச் சந்தையில் வாங்குகிறவன் மாட்டுக்குப் பெயர் வைக்கிறானா? அவன் பல்லைத்தான் பிடித்துப் பார்க்கிறான். லட்சுமி, செவலை, கருப்பாயி என்று கூப்பிடுவது வீட்டில் தண்ணி காட்டுகிறவர்கள். திருமுழுக்குக்குக் குழந்தையை ஏந்திக்கொண்டு வாசலில் நிற்கிறீர்களே, நான் முதலில் கேட்பது என்ன? குழந்தையின் பெயர். தண்ணீரும் எண்ணெயும் வெள்ளாடையும் அதற்குப் பிறகுதான். பெயர் சொன்னால்தான் பொறுப்பு தொடங்குகிறது.

திண்ணையில் கிடந்த பாம்புக்கும் ஒரு பெயர் உண்டு. அறிவியல் வைத்த பெயர் எரிக்ஸ் ஜானி. அந்த ஜான் யார் தெரியுமா? ஒரு போதகர். சிதம்பரம், சீர்காழி தாண்டிப் போனால் தரங்கம்பாடி. மிஷனரி சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கிய அதே தரங்கம்பாடி. அங்கே 1771இல் வந்து சேர்ந்த மிஷனரி கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார், பிரசங்கம் செய்தார். மீதி நேரத்தில் மீனவர் வலையில் வந்ததையும் தோட்டத்தில் ஊர்ந்ததையும் சேகரித்தார். மீன்களைப் பெர்லினில் இருந்த பிளாக் என்ற மருத்துவருக்கு அனுப்பினார். அதில் ஒரு மீன் பேரினத்துக்கு பிளாக் ஜானியஸ் என்று பெயர் வைத்தார். கடலூர் மீன் மார்க்கெட்டில் கத்தாளை, பன்னா என்று கூறு கட்டி விற்கிறார்களே, அந்த உறவில் ஒன்று. பாம்புக்குப் பெயர் வைத்தவர் ஆங்கிலேயக் கம்பெனியின் இயற்கையியலாளராக இருந்த பாட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர், 1801இல். ஜான் நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல, லுத்தரன். அதனால் என்ன? முதல் வாசகத்தை அவர் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறார்.

நம் ஆள் ஒருவரையும் சொல்லாமல் விட்டால் மனம் கேட்காது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயேசு சபைக் குரு மேத்யூ இருந்தார். 1967இல் அங்கே ராப்பினாட் உலர்தாவரகத்தைத் தொடங்கினார். அதற்குப் பெயர் கொடுத்த ராப்பினாட்டும் செடி தேடிய ஒரு பிரெஞ்சுக் குருதான். மேத்யூ அடிகளார் நம் தென்னார்க்காடும் சேர்ந்த தமிழகச் சமவெளியைச் சல்லடையாகச் சலித்து, புல் பூண்டு விடாமல் எழுதிவைத்தார். திருப்பலிக்கு நிற்கிற பக்தியோடு ஒரு மனிதர் கோரைப்புல்லின் பூவை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள். அதுவும் மேய்ப்புப்பணிதான் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

இத்தனை பேர் இத்தனை நூற்றாண்டாகச் செய்தும் ஆதாமின் வேலை எந்த மட்டில் நிற்கிறது? உலகத்தில் இதுவரை பெயர் பெற்ற உயிரினங்கள் சுமார் 20 லட்சம். 2011இல் ஒரு ஆய்வுக் குழு கணக்குப் போட்டது. பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களைத் தள்ளிவிட்டே கிட்டத்தட்ட 87 லட்சம் இருக்கலாம் என்றது. வரிசையில் நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேரை நாம் இன்னும் கூப்பிடவே இல்லை.

கூப்பிடாதவர்கள் எல்லாம் அமேசான் காட்டில் இருப்பதாக நினைக்காதீர்கள். கேரளத்தில் கிணற்றில் இருந்தார்கள். செம்பாறைக்குக் கீழே ஓடுகிற நிலத்தடி நீரில் ஒரு மீன். விரல் நீளம்கூட இல்லை. இரத்தம் தெரிகிற இளஞ்சிவப்பு. கண்ணே கிடையாது, இருட்டில் கண் எதற்கு? கிணற்று வாளியிலும் குழாயிலும் எப்போதாவது வந்து விழும். ஜனங்கள் அதைத் தூக்கி எறியாமல் பாட்டிலில் போட்டுவைத்து ஆய்வாளர்களுக்குச் சொன்னார்கள். ஆறு வருடம் இப்படிச் சேர்த்து 2023இல் ஒரு புதிய இனம் என்று அறிவித்தார்கள். அதற்கு ஹோராக்லானிஸ் பாபுலி என்று பெயர். பாபுலி என்றால் இலத்தீனில் மக்களுடையது. விஞ்ஞானி பெயரும் இல்லை, மந்திரி பெயரும் இல்லை. வாளியில் தண்ணீர் சேந்திய அம்மாக்களின் மீன் அது.

நம் மேற்குத்தொடர்ச்சி மலையில் பன்றி மூக்கோடு ஒரு தவளை இருக்கிறது. வருடம் முழுக்க மண்ணுக்குள் கறையானைத் தின்றுகொண்டு கிடக்கும். மழை பிடித்தால் சில நாள் மேலே வந்து இணை சேர்ந்து முட்டையிட்டுவிட்டு மறுபடியும் உள்ளே போய்விடும். மலைமக்களுக்கு அதைத் தெரியும், அதன் தலைப்பிரட்டையைப் பிடித்துத் தின்றவர்கள் அவர்கள். அறிவியலுக்குத் தெரிந்தது 2003இல். அதன் நெருங்கிய சொந்தம் இந்தியப் பெருங்கடலில் செஷல்ஸ் தீவில் இருக்கிறது. இந்தியாவும் அந்தத் தீவும் ஒட்டிக்கிடந்த காலத்து உறவு. 2017இல் தமிழ்நாட்டுப் பக்கத்து மலையில், வடகிழக்குப் பருவமழைக்கு வெளியே வருகிற இன்னொரு இனம் இருக்கிறது என்று கண்டார்கள். அதற்கு வைத்த பெயர் பூபதி. கோயம்புத்தூர் சாலிம் அலி பறவையியல் மையத்தில் இருந்த சுப்பிரமணியன் பூபதி, ஊர்வனவற்றைத் தேடித் தேடி வாழ்நாளைக் கழித்தவர். 2014 ஏப்ரலில் அகத்தியமலையில் களப்பணிக்குப் போன இடத்தில் விபத்தில் இறந்துபோனார். நம் ஊரில் மழை தொடங்கப்போகிறது. அங்கே பூபதியின் தவளையும் இன்னும் சில நாளில் மண்ணைத் தள்ளிக்கொண்டு எழுந்துவரும்.

பெயர் இல்லாவிட்டால் என்ன, அதுபாட்டுக்கு வாழ்ந்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். நெய்வேலிச் சுரங்கத்தின் பக்கத்தில், இந்த வடக்குத்தில் நின்றுகொண்டு அப்படிக் கேட்க முடியுமா? கணக்கெடுப்பில் பெயர் இல்லாதவனுக்கு இழப்பீடு உண்டா? பட்டாவில் பெயர் இல்லாதவன் அந்த நிலத்தில் முப்பது வருடம் குடியிருந்ததை யார் கேட்டார்கள்? சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள், வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருப்பவர்கள், ஒப்பந்தத்திலேயே வயசாகிப்போனவர்கள் இங்கே பாதிப் பேர். பட்டியலில் இல்லாதவன் அழிந்தாலும் அழிந்ததாகக் கணக்கு வராது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஐ.நா. ஆதரவில் 2019இல் வந்த அறிக்கை, சுமார் 10 லட்சம் உயிரினங்கள் அழியும் நிலையில் இருக்கின்றன என்றது. அதில் பல நாம் இன்னும் பெயர் வைக்காத பூச்சி, புழுக்கள். சாவு விழுந்த வீடு எது என்றே தெரியாத சாவுகள்.

இதை வெள்ளிக்கிழமை, புனித பிரான்சிஸ் அசிசியார் திருநாள் பூசை முடிந்து வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தேன். முதல் சுரங்கத்தில் 35 வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கேட்டார்: "சாமி, கோவிச்சுக்காதீங்க. அழிஞ்சதாலதான நமக்குச் சோறு? அந்தக் காடு சாகாம இருந்திருந்தா கரி ஏது, நெய்வேலி ஏது?"

நியாயமான கேள்வி. எனக்கு உடனே பதில் வரவில்லை.

ஊர்க்கதை உங்களுக்குத் தெரியும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தண்ணீருக்குக் கிணறு வெட்டினார், கறுப்பாக ஏதோ வந்தது. 1956இல் நிலக்கரி நிறுவனம் வந்தது, 1957 மே 20ஆம் தேதி நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கிவைத்தார். மண்ணுக்கு அடியில் ஐம்பது, நூறு மீட்டர் ஆழத்தில் படுத்திருப்பது ஒரு காடு. கோடிக்கணக்கான ஆண்டுக்கு முந்திய சதுப்புக்காடு. அந்தக் கரியை நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தவர்கள் அதில் பனை இனங்களின் மகரந்தத்தை அப்படியே கண்டார்கள். ஒரு பூ என்றைக்கோ உதிர்த்த தூள், பக்கெட் வீலுக்கும் கன்வேயர் பெல்ட்டுக்கும் தப்பிக் கண்ணாடிச் சில்லில் கிடக்கிறது. அந்த மரங்களில் எதையும் நாம் வெட்டவில்லை. அவை இருந்தபோது வெட்ட ஆளே இல்லை. இந்த மைக்கில் நான் பேசுவதுகூட அந்தக் காட்டின் உபயம். அதைச் சொல்லாமல் சுற்றுச்சூழல் பற்றிப் பிரசங்கம் செய்தால் நான் வேடதாரி. நைட் ஷிஃப்ட் முடித்துக் கண் எரிய இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

ஆனாலும் பெரியவரே, அந்தச் சாவும் இப்போதைய சாவும் ஒன்றல்ல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு பறவையை வைத்துச் சொல்கிறேன். பிணந்தின்னிக் கழுகு. பழந்தமிழில் பாறு என்பார்கள். 1980களில் இந்தியாவில் எண்ணிப் பார்க்கவே யாருக்கும் தோன்றாத அளவுக்கு இருந்தது. மாட்டுக்கு வலி குறைய டைக்ளோஃபெனாக் ஊசி போட ஆரம்பித்தோம். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, மாட்டின்மேல் இரக்கம்தான். ஊசி போட்ட மாடு செத்தது, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. பதினைந்து வருடம் போவதற்குள் வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் போய்விட்டது. காரணம் இந்த மருந்துதான் என்று 2004இல் தெரிந்தது. 2006இல் மாட்டுக்கு அதைத் தடைசெய்தார்கள். தமிழ்நாட்டில் இன்று அதைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரி அடிவாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போகவேண்டும். திருக்கழுக்குன்றத்தில் மலைமேல் நடுப்பகலில் இரண்டு கழுகுகள் வந்து பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போகும் என்று உங்கள் தாத்தா பாட்டி பார்த்துவிட்டு வந்து சொல்லியிருப்பார்கள். அது மஞ்சள்முகப் பாறு, வேறு இனம். அதுவும் 1990களின் இறுதியோடு வராமல் நின்றுபோனது. ஊர்ப் பெயரில் மட்டும் கழுகு இருக்கிறது.

இயேசு ஒருமுறை பிணம் கிடக்கிற இடத்தில் கழுகுகள் கூடும் என்று பேசினார். கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை, தினமும் பார்க்கிற காட்சி. இன்று நம் ஏரிக்கரையில் செத்த மாட்டைப் போட்டால் கூடுவது தெருநாய். ஆண்டவருடைய வார்த்தையில் ஒன்று நம் கண் முன்னாலேயே அர்த்தம் விளங்காத வார்த்தையாகிவிட்டது. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் கழுகுக்குப் படம் வரைந்து காட்டவேண்டியிருக்கிறது. காசுக்கு இரண்டு விற்ற குருவியைப் பற்றியும் அவர் சொன்னார். அதில் ஒன்று விழுந்தாலும் தந்தை அறிவார் என்றார். நாம் பெயர் வைக்காததும் விழும்போது அவருக்குத் தெரிகிறது. கரிக்காடு சாய்ந்தபோதும் தெரிந்திருக்கும். அப்போது பக்கத்தில் பெயர் சொல்லப் பணிக்கப்பட்டவன் யாரும் இல்லை. இப்போது இருக்கிறான். கையில் ஊசியோடு நிற்கிறான்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய லவ்தாத்தோ சி சுற்றுமடலில் ஒரு பத்தி உண்டு. ஒவ்வொரு உயிரும் தான் இருப்பதாலேயே கடவுளை மகிமைப்படுத்துகிறது; நம்மால் ஆயிரக்கணக்கானவை அந்தப் புகழ்ச்சியை இனிச் செலுத்தமுடியாமல் போகின்றன; அதற்கு நமக்கு உரிமை இல்லை என்று எழுதுகிறார். பாடகர் குழுவில் ஒருவர் வராவிட்டால் நம் பாட்டுக்கு என்ன ஆகிறது என்று ஆர்மோனியம் வாசிக்கிறவரைக் கேளுங்கள்.

கூப்பிடு தூரத்தில் வடலூர். வாடிய பயிருக்காக மனம் வாடிய ஒருவர் 1867இல் அணையா அடுப்பு மூட்டிய ஊர். பக்கத்து ஊர்க்காரராகிய நாம் உயிரிரக்கம் பற்றி ரோமையிலிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. 

இனி என் பாவத்தைச் சொல்கிறேன். போன வருடத் திருவிழாவுக்குப் பந்தல் போட இடம் வேண்டும் என்று கெபிக்குப் பின்னால் இருந்த புதரை ஜேசிபி வைத்து வழித்தது நான்தான். பங்குப் பேரவையில் ஒரு அம்மா மட்டும், "அதுல கீரி குட்டி போட்டிருக்கு சாமி" என்றார்கள். வேறு இடம் போய்விடும் என்றேன். அரைநாளில் வேலை முடிந்தது. அழகாக, துடைத்ததுபோல இருந்தது, நீங்களும் பாராட்டினீர்கள். கீரியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் மின்மினி வரும், அதுவும் வரவில்லை. இன்னும் என்னவெல்லாம் அந்த மண்ணில் இருந்தது என்று நான் குனிந்தும் பார்க்கவில்லை. மண்ணுளிப்பாம்பு இருந்திருந்தால் பந்தக்கால் குழியோடு போயிருக்கும். அந்த இடத்துக்குப் பேவர் பிளாக் போடலாம் என்று இந்த வருடம் மதிப்பீடு வாங்கியிருந்தோம். அதை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பேரவையில் கோபப்படுகிறவர்கள் பூசைக்குப் பிறகு வரலாம், டீ சொல்கிறேன். இரண்டு வருடம் அந்த மூலையை அப்படியே விட்டுவிடுவோம். தூணுக்குப் பின்னால் இருக்கிற மூன்று பேருக்கும் பாவப்பரிகாரமாக ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருக்கிறேன். அங்கே முளைப்பதையும் ஊர்வதையும் தேதி போட்டு எழுதவேண்டும். பெயர் தெரியாவிட்டால் பாட்டிகளைக் கேட்கவேண்டும். பாட்டிக்கும் தெரியாவிட்டால் படம் வரைந்து பக்கத்தில் இடம் விட்டுவைக்கவேண்டும். நேற்றே ஆரம்பித்துவிட்டார்கள். முதல் பக்கத்தில் ஐந்து வரி. இரண்டில் பெயர் இருக்கிறது, மூன்றில் காலியிடம்.

இன்று நாம் வழக்கமாகச் சொல்கிற சின்ன விசுவாச அறிக்கை வேண்டாம். நீளமானதைச் சொல்வோம், பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டைக்கு முந்திய பக்கத்தில் இருக்கிறது. அதில் தொடக்கத்திலேயே, கண்ணுக்குத் தெரிவதையும் தெரியாததையும் படைத்தவர் என்று கடவுளைப் பற்றி அறிக்கையிடுகிற ஒரு வரி வரும். தெரியாதவை என்றால் வானதூதர்கள் என்று குருமடத்தில் படித்தேன். சரிதான். அந்த வரி வரும்போது அவர்களோடு கிணற்றில் இருக்கிற அந்தக் கண்ணில்லாத மீனையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

எழுந்து நிற்போம்.